ஏற்காடு மலைப்பாதையில் வேன் இடித்துவிட்டது. பட்டறையில் 20 நாள் கேட்கிறார்கள். வாடகைக் காருக்கு யார் பணம் கொடுப்பார்கள்?

மலைப்பாதை டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குக் கன்னங்குறிச்சி. ஏற்காட்டில் ஒரு பள்ளியில் வேலை. தினமும் காலை ஏழரைக்கு என் காரில் நானும் இன்னும் இரண்டு டீச்சர்களும் மலை ஏறுவோம். பெட்ரோல் செலவை மூன்றாகப் பிரித்துக்கொள்வோம். நாலு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

போன செவ்வாய்க்கிழமை பன்னிரண்டாவது கொண்டை ஊசி வளைவில் ஏறிக்கொண்டிருந்தேன். லேசாகப் பனி இருந்தது, மழை இல்லை. மேலிருந்து வந்த ஒரு டூரிஸ்ட் வேன் வளைவை அகலமாக எடுத்து, நேராக என் பக்கத்துக்கே வந்துவிட்டது. நான் ஹாரன் அடித்தபடி நிறுத்திவிட்டேன். அது நிற்கவில்லை. வலது பக்க பம்பர், ஃபெண்டர், முன் விளக்கு, டிரைவர் கதவின் பாதி வரை உரசிக்கொண்டு போய் நின்றது. யாருக்கும் அடி இல்லை. வேன் டிரைவர் இறங்கி வந்ததும் "தப்பு என் மேலதான் மேடம், அஞ்சாயிரம் வெச்சுக்குங்க, இங்கேயே முடிச்சுக்கலாம்" என்றார். பம்பர் ஒரு பக்கம் கொக்கி விட்டு ரோட்டைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது, அஞ்சாயிரமாம்! நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், திறந்திருந்த ஜன்னல் வழியாக ஒரு குரங்கு என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு தடுப்புச் சுவரில் போய் உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கு எலுமிச்சை சாதம். பசியோடுதான் போலீஸ் ஸ்டேஷன் போனேன்.

ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) கொடுத்தார்கள். எஃப்.ஐ.ஆர். இன்னும் போடவில்லை. கூட வந்த டீச்சர் இரண்டு வண்டியும் நின்ற நிலையிலேயே எட்டு போட்டோ எடுத்திருக்கிறார். வேனின் நம்பர், டிரைவர் லைசென்ஸ், வேன் இன்சூரன்ஸ் பேப்பர் எல்லாம் போட்டோவாக இருக்கின்றன. வண்டியை மலையிலிருந்து இறக்க ரெக்கவரி வேனுக்கு 3,500 ரூபாய் கொடுத்தேன்.

பட்டறை எஸ்டிமேட் 68,000. பிளாஸ்டிக் பொருட்கள் 28,000, இரும்பு 18,000, பெயின்டிங் 16,000, கூலி 6,000. முன் விளக்கு சென்னையிலிருந்து வர வேண்டுமாம், 20 நாள் ஆகும் என்கிறார்கள். என் கார் வாங்கி நாலு வருஷம் இரண்டு மாதம். 1,197 சிசி. நோ கிளைம் போனஸ் (கிளைம் போடாத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) 45 சதவீதத்தில் இருக்கிறது. போன தடவை புதுப்பிக்கும்போது 1,900 ரூபாய் மிச்சம் என்று பம்பர் டு பம்பரை (தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் கூடுதல் பாதுகாப்பை) நீக்கிவிட்டேன். அந்த நாளை நினைத்தால் இப்போது என்னை நானே கொட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

என் கேள்விகள்:

தப்பு அவர் மேல். அப்படியிருக்க நான் ஏன் என் இன்சூரன்ஸில் கிளைம் போட்டு என் போனஸை இழக்க வேண்டும்? வேனின் இன்சூரன்ஸிலேயே கேட்கக் கூடாதா?

20 நாளுக்கு வாடகைக் கார் எடுத்தால் ஒரு நாளுக்கு 1,800 சொல்கிறார்கள். 36,000 ஆகிறது. ரிப்பேரில் பாதிக்கு மேல். இது எந்த இன்சூரன்ஸில் வரும்?

எங்கள் தெருவில் ஒருவர் தன் சொந்தக் காரை நாளுக்கு 1,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். எடுத்துக்கொள்ளலாமா?

பட்டறைக்காரன்:

அக்கா, எனக்குக் குரங்குச்சாவடி பக்கம் டிங்கரிங் பட்டறை. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இன்சூரன்ஸ் கம்பெனி சார்பில் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை ஒரு போல்ட்டைக்கூட அவிழ்க்க விடாதீர்கள். "வேலையை ஆரம்பிச்சுடலாம், அவர் அப்புறம் வந்து பார்த்துக்குவார்" என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். பிறகு அந்தச் சேதம் பழையது என்று சர்வேயர் ஒரு கோடு கிழித்தால் அது உங்கள் தலையில்தான் விழும்.

இரண்டாவது, இந்த 68,000 முடிவான தொகை இல்லை. பம்பரைக் கழற்றினால்தான் உள்ளே ரேடியேட்டரைத் தாங்கும் இரும்புச் சட்டம் நெளிந்திருக்கிறதா என்று தெரியும். வலது மூலையில் அடி வாங்கிய வண்டியில் பாதிக்குப் பாதி நெளிந்திருக்கும். அப்படி இருந்தால் வேலையை நிறுத்தி, சர்வேயரை மறுபடியும் கூப்பிட்டு, கூடுதல் எஸ்டிமேட் கொடுக்கச் சொல்லுங்கள். பில்லில் நேராக ஏற்றினால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

விளக்கை எந்தத் தேதியில் ஆர்டர் போட்டார்கள், எப்போது வரும் என்பதைப் பட்டறை லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். கேட்டால் முறைப்பார்கள். நானும் முறைப்பேன். ஆனால் எழுதிக் கொடுத்த தேதிக்கு ஒரு மரியாதை இருக்கிறது.

சர்வேயர், ஓய்வு:

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம். மோட்டார் சர்வேயராக 30 வருஷம் இருந்தேன். இந்த மலைப்பாதையில் மட்டும் எத்தனை பம்பர் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. 20 வளைவிலும் மே மாதக் கோடை விழா சமயத்தில் தினம் ஒரு வண்டியாவது நிற்கும்.

முதலில் தப்பு யார் மேல் என்பதைப் பார்த்துவிடலாம். மலைப் பாதையில் இரண்டு வண்டி தாராளமாகக் கடக்க இடமில்லாத இடத்தில், இறங்குகிற வண்டி ஒதுங்கி நின்று ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். இது வெறும் மரியாதை கிடையாது, 2017ஆம் ஆண்டு ஓட்டுநர் ஒழுங்குமுறை விதிகளிலேயே இருக்கிறது. நீங்கள் ஏறிக்கொண்டிருந்தீர்கள், நின்றும்விட்டீர்கள். எட்டு போட்டோ இருக்கிறது. உங்கள் பக்கம் பலமாகவே இருக்கிறது.

ஆனாலும் ரிப்பேருக்கு உங்கள் இன்சூரன்ஸிலேயே போடுங்கள். வேனின் மூன்றாம் நபர் பாலிசியில் (அந்த வண்டி அடுத்தவருக்குச் செய்யும் சேதத்துக்கான பாலிசி) பொருள் சேதத்துக்கு 7.5 லட்சம் வரை இடம் இருக்கிறது, உங்கள் 68,000 அதற்குள் அடங்கிவிடும். ஆனால் அந்தப் பணத்தை வேனின் கம்பெனி உங்கள் பட்டறைக்கு நேரடியாக அனுப்பாது. மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு போட்டு, உத்தரவு வாங்கி, அப்புறம்தான் வரும். அதுவரை வண்டி பட்டறையில் நிற்குமா?

இப்போது கணக்கு. நாலு வருஷம் தாண்டி ஐந்துக்குள் இருக்கிற வண்டிக்கு இரும்புப் பாகத்தில் 35 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். மூன்று மாதம் முன்னால் இடித்திருந்தால் 25 சதவீதம்தான்! பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரிக்கு வண்டியின் வயது என்னவானாலும் 50. கண்ணாடிக்குக் கழிவே இல்லை. பெயின்டிங்கில் மொத்தத் தொகையில் கால் பங்கைப் பொருள் செலவு என்று எடுத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள். கூலிக்குக் கழிவு கிடையாது.

உங்கள் 28,000 பிளாஸ்டிக்கில் 14,000 போகும். உங்கள் முன் விளக்கும் பிளாஸ்டிக்தான், கண்ணாடி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். 18,000 இரும்பில் 6,300. 16,000 பெயின்டிங்கில் 2,000. ஆக 22,300. அதோடு 1,500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவு (ஒவ்வொரு கிளைமிலும் நாமே ஏற்க வேண்டிய தொகை) 1,000. உங்கள் கையிலிருந்து 23,300, கம்பெனி 44,700. பம்பர் டு பம்பர் இருந்திருந்தால் அந்த ஆயிரத்தோடு முடிந்திருக்கும். சரி, போனது போகட்டும். ரெக்கவரிக்குச் சாதாரண பாலிசியில் 1,500 வரை உண்டு, அந்த ரசீதையும் சேர்த்துக் கொடுங்கள்.

போனஸுக்கு எல்லோரும் அழுகிறார்கள், கணக்குப் போட்டு அழுவதில்லை. அது முழு பிரீமியத்துக்கும் கிடையாது, சொந்தச் சேதப் பகுதிக்கு (நம் வண்டியின் சேதத்துக்காகக் கட்டும் பகுதிக்கு) மட்டும்தான். அந்தப் பகுதி உங்களுக்கு 8,000 என்று வைத்துக்கொள்வோம். கிளைம் போடாவிட்டால் அடுத்த வருஷம் முதல் 50 சதவீதம் நிலையாக இருக்கும். போட்டால் பூஜ்யம், அப்புறம் 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50. வித்தியாசத்தைக் கூட்டினால் ஐந்து வருஷத்தில் 125 சதவீதம், அதாவது 10,000. வண்டியின் மதிப்பு குறையக் குறைய பிரீமியமும் குறையும், ஆகவே நிஜத்தில் இன்னும் கம்மி. 44,700 வாங்க 10,000 இழக்கிறீர்கள். தாராளமாகப் போடலாம். பில் 9,000 என்றிருந்தால் கைக்காசில் செய்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

வாடகைக் கார் உங்கள் பாலிசியில் வராது. "பின்விளைவு நஷ்டம்" என்று ஒரு விலக்கு எல்லா கார் பாலிசியிலும் இருக்கும். வண்டி நின்றதால் ஆகும் செலவு அதில்தான் விழுகிறது. தினப்படி என்று தனியாக ஒரு கூடுதல் பாதுகாப்பு விற்கிறார்கள். முதல் சில நாளைக் கழித்துவிட்டு, நாளுக்கு இவ்வளவு என்று குறிப்பிட்ட நாள் வரை கொடுப்பார்கள். உங்கள் பாலிசியின் முதல் பக்கத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தை வேன்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

மலைப்பாதை டீச்சர்:

சார், ரொம்ப நன்றி. நீங்கள் எழுதியது நான் பிள்ளைகளுக்கு நடத்தும் கணக்குப் பாடம் மாதிரியே இருந்தது. இரண்டு தடவை படித்தேன். முதல் பக்கம் பார்த்தேன், தினப்படி இல்லை. கிளைம் இன்று பதிவு செய்துவிட்டேன்.

சர்வேயர், ஓய்வு:

நல்லது. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 சுற்றறிக்கைப்படி கிளைம் சொன்ன 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளுக்குள் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும், ரிப்போர்ட் கைக்கு வந்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். இழுத்தால் இந்த எண்களை மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். போனில் சொன்னால் காற்றோடு போகும்.

சூடு கண்டவன்:

அந்தத் தெருக்காரர் காரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. வேண்டாம்மா, எடுக்காதீர்கள்.

இரண்டு வருஷம் முன்னால் தங்கச்சி கல்யாணத்துக்கு இப்படித்தான் ஒரு ஒயிட் போர்டு (சொந்த உபயோகத்துக்கான) காரை நாளுக்கு 1,200 கொடுத்து எடுத்தேன். கொண்டலாம்பட்டி பைபாஸில் முன்னால் போன லாரி சடன் பிரேக் போட்டது, நான் போய் முட்டினேன். சர்வேயர் வந்தார், "வண்டி யாருது, நீங்க என்ன வேணும்?" என்று கேட்டார். நான் வெள்ளந்தியாக "வாடகைக்கு எடுத்தேன் சார்" என்றேன். முடிந்தது கதை. சொந்த உபயோகத்துக்கான பாலிசியில் வாடகைக்கு விட்டால் கிளைம் கிடையாது என்று கடிதம் வந்தது. வண்டிக்காரர் என்னிடம் 82,000 வாங்கினார். கொடுத்தேன், வேறென்ன செய்வது? 

அதுவாவது வண்டிச் சேதம். அந்த லாரிக்குப் பதில் ஒரு ஆள் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நினைத்தால் இன்றும் தூக்கம் வராது. கறுப்பு நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கிற வண்டியை மட்டும் எடுங்கள். அதுதான் நாமே ஓட்ட வாடகைக்கு விட அனுமதி வாங்கிய வண்டி. எடுக்கும்போது நாலு பக்கமும், கூரையும், ஸ்பீடோமீட்டரும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். இடித்தால் எவ்வளவு வரை உங்கள் பொறுப்பு என்று அவர்கள் தாளில் ஒரு வரி இருக்கும், அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அஸ்தம்பட்டி கோர்ட்டுவாசி:

வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தா நான். வாடகைப் பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தீர்ப்பாயம் உயிருக்கும் கை காலுக்கும் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 165ஆவது பிரிவில் பொருள் சேதமும் இருக்கிறது. நீங்கள் கன்னங்குறிச்சியில் இருப்பதால் இங்கே அஸ்தம்பட்டியிலேயே மனு போடலாம். ஆனால் 2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்று வந்துவிட்டது. "வண்டி வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள்.

வேனின் கம்பெனி "இது பின்விளைவு நஷ்டம், நாங்கள் பொறுப்பில்லை" என்றுதான் முதலில் சொல்லும். கம்பெனி கையை விரித்தாலும் டிரைவரும் உரிமையாளரும் உங்கள் நஷ்டத்துக்குப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. அங்கே நீதிபதி கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இந்தச் செலவு அவசியமா? சேலம் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏற்காட்டுக்கு அரசுப் பஸ் இருக்கிறதே, அதில் ஏன் போகவில்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். பதில் இருக்கிறதா டீச்சர்? அதோடு உங்கள் காருக்கு நிகரான கார்தான் எடுத்திருக்க வேண்டும். ஏழு பேர் போகும் பெரிய வண்டி எடுத்துவிட்டு அதற்குப் பில் நீட்டக் கூடாது. பட்டறை 20 நாளில் முடித்துவிட்டு நீங்கள் 25 நாள் வைத்திருந்தால் அந்த ஐந்து நாள் உங்கள் கணக்கு.

இன்னொன்று. இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்று யாராவது சொன்னால், சென்னையில் இருக்கிற அந்த அலுவலகம் உங்கள் சொந்தக் கம்பெனி மேலான புகாருக்குத்தான். வேனின் கம்பெனி மேல் அங்கே புகார் கொடுக்க முடியாது.

மலைப்பாதை டீச்சர்:

பஸ் கேள்வி குத்திவிட்டது! உண்மையில் முதல் மூன்று நாள் பஸ்ஸில்தான் போனேன். கூட வரும் டீச்சருக்கு வளைவில் வாந்தி, பத்தாவது வளைவுக்குள்ளேயே எலுமிச்சம்பழமும் காலி. ஆனால் அது அவருடைய காரணம், என் காரணம் இல்லை. எனக்குச் சில நாள் மாலை ஆறு மணி வரை சிறப்பு வகுப்பு, விடைத்தாள் கட்டு, லேப் சாமான் தூக்க வேண்டியிருக்கும். அந்த நாளில் மட்டும் கார் எடுக்கிறேன். தலைமை ஆசிரியரிடம் நேர அட்டவணையில் கையெழுத்து வாங்கிவைக்கிறேன்.

வேன் முதலாளி நேற்று போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார். எஃப்.ஐ.ஆர். போட்டால் வண்டி மோட்டார் வாகன ஆய்வாளர் பரிசோதனைக்கு நிற்க வேண்டும், சீசன் நேரம் என்கிறார். பேசி முடிக்கலாமா என்று கேட்கிறார்.

சர்வேயர், ஓய்வு:

பேசலாம், ஆனால் ஒரு சொல் கவனம். "எல்லா நஷ்டத்துக்கும் பணம் பெற்றுக்கொண்டேன், இனி எந்த உரிமையும் இல்லை" என்று அவர் ஒரு தாள் நீட்டுவார். அதில் கையெழுத்துப் போட்டால் உங்கள் கம்பெனி உங்களுக்குக் கொடுத்ததை அவரிடமிருந்து திரும்ப வசூலிக்கிற உரிமை போய்விடும். அதைச் சாக்காக வைத்து உங்கள் கிளைமையே நிறுத்தலாம். "என் இன்சூரன்ஸ் கொடுக்காத தேய்மானத் தொகை, ரெக்கவரி, வாடகைக் கார் ஆகியவற்றுக்கு மட்டும்" என்று எழுதுங்கள். கையெழுத்துக்கு முன் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

மலைப்பாதை டீச்சர்:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், கோபிக்காதீர்கள்.

பட்டறைக்காரத் தம்பி சொன்னது அப்படியே நடந்தது. பம்பரைக் கழற்றியதும் உள்ளே இரும்புச் சட்டம் நெளிந்திருந்தது. 4,000 கூடுதல், சர்வேயர் மறுபடியும் வந்து பார்த்து ஒப்புக்கொண்டார். மொத்த பில் 72,000. தேய்மானம் 23,700, கட்டாயக் கழிவு 1,000. என் கையிலிருந்து 24,700. ரெக்கவரிக்கு 1,500 வந்தது, மீதி 2,000 என்னுடையது.

20 நாள் என்றது 26 ஆனது. விளக்கு வந்தது, ஆனால் இடது பக்க விளக்கு வந்தது. நான் அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு பட்டறை வாசலில் நின்ற கோலத்தை என் பிள்ளைகள் பார்த்திருந்தால் ஒரு வாரம் வகுப்பில் சத்தமே இருந்திருக்காது. பட்டறை எழுதிக் கொடுத்த தேதி இருந்ததால் தாமதம் யாரால் என்பதில் சண்டை வரவில்லை.

வாடகைக் கார் மொத்தம் 11 நாள். கறுப்புப் பலகை வண்டிதான். 19,800. மற்ற நாள் பஸ். எல்லாம் சேர்த்து என் செலவு 46,500.

வேன் முதலாளி கோரிமேட்டில் ஒரு டீக்கடையில் வந்து உட்கார்ந்தார். நான் ஒரு நோட்டில் தேதி வாரியாக எழுதியிருந்தேன், எந்த நாள் பஸ், எந்த நாள் கார், அன்று என்ன வேலை, ரசீது எண். அவர் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "பஸ்ல போன நாளுக்குக் காசு கேக்கலியா?" என்றார். பஸ் டிக்கெட்டும் ஒட்டியிருந்தேன், ஆனால் கேட்கவில்லை. 20,000 என்று ஆரம்பித்து 30,000த்தில் நின்றார். சர்வேயர் சார் சொன்ன வாசகத்தையே எழுதினோம், வங்கிக் கணக்கில் போட்டார். மீதி 16,500க்கு வழக்கு போடத் தெம்பில்லை. போட்டிருக்கலாம் என்று கோர்ட்டுவாசி அண்ணா சொல்வார், தெரியும்.

தெருக்காரர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என் வண்டியை வேண்டாம் என்றீர்களே என்கிறார்.

வண்டி வந்து நாலு நாள் ஆகிறது. பெயின்ட் நன்றாகத்தான் இருக்கிறது. நேற்று சிறப்பு வகுப்பு முடித்து இருட்டில் இறங்கினேன். இடது விளக்கு ரோட்டைப் பார்க்கிறது, வலது விளக்கு மரக்கிளையைப் பார்க்கிறது. வியாழக்கிழமை மறுபடியும் பட்டறை. இதற்குத் தனியாகப் பில் போட்டால் பட்டறைக்காரத் தம்பி, உங்களிடம்தான் கேட்க வருவேன்.